மஞ்சள் தடவிய டிஸ்கோ கார்டு

கோலாலம்பூர் வந்த மறுநாள் காலை, மேசைமேல் வைத்திருந்த காலண்டர் மாதிரித் தாள்கள் ஓரங்களில் சுருண்டு கிடந்தன. சிவகாசியில் கட்டும்போது பலகைபோல நேராக இருந்தவை. எங்கள் ஊர் வறண்ட ஊர், அச்சுத் தொழிலுக்கு அது வசதி என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. காகிதம் அதைக் குடித்து விரிகிறது. விரிந்த தாளில் ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது.

வந்த வேலை சின்னதுதான். கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் அச்சகத்தில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் அடிக்கிறார். மலாய், சீன, தமிழ்ப் பண்டிகைகள் மூன்றும் சிவப்பு எழுத்தில் வர வேண்டும். கடிதத்தில் பேசிப் பேசிச் சலித்துப்போன முதலாளி, "நீயே போய்ப் பக்கத்துல உக்காந்து முடிச்சிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். ஃபிலிம் தயாரிக்கும் பிரிவில் நான்தான் பொறுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கையில் தமிழ் எழுத்துகள் அடங்கிய ஃபிளாப்பி ஒன்று, மாதிரித் தாள்கள், மாற்றுடை, ஊறுகாய்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்காக ஆர்டர் பிடித்துத் தருபவர் குணா. பூக்கடைக்கு மேலே மாடியில் அவருடைய டிசைன் அறை. படியேறும்வரை மல்லிகை வாசம், கதவைத் திறந்தால் மை வாசம். சுவர் முழுக்க உள்ளங்கை அகல அட்டைகள் ஒட்டியிருந்தன. கறுப்புப் பின்னணியில் மின்னல், நட்சத்திரம், கண்ணாடிபோல் பளபளக்கும் கொழுத்த எழுத்துகள்.

"எல்லாம் டிஸ்கோவுக்கு ஆள் கூப்பிடுற ஃப்ளையர். அதான் நம்ம சோறு. காலண்டர் எல்லாம் ஊறுகாய் மாதிரி" என்றார் குணா.

நான் நெருங்கிப் பார்த்தேன். "எங்க ஊர்ல இத வெடிப் பெட்டியில ஒட்டுவோம்ணே. அதே நட்சத்திரம், அதே எழுத்து."

"அலாமா! நான் காலேஜ் போய்ப் படிச்சுட்டு வந்து செய்றேன். நீங்க அத ஊசி வெடில ஒட்டிட்டீங்களா?"

அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் 'சிவகாசி'.

புதன்கிழமை கிள்ளானுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே நடத்துநர் "மாசோக், மாசோக்" என்று கத்தி உள்ளே தள்ளினார். உள்ளே போ என்று அர்த்தமாம். இறங்க வேண்டிய இடத்தில் பஸ் தானாக நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். அது நிற்காமலே போனது. "அக்கா, மணி அடிக்கணும் லா! டிரைவருக்கு எப்படித் தெரியும் நீங்க எங்க போறீங்கன்னு?" பின்னால் இருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரில் நடத்துநர் விசில் ஊதுவார், நாம் வாயால் சொல்வோம். இங்கே கயிறும் பொத்தானும். வெயிலில் திரும்பி நடந்தேன்.

ஜவுளிக்கடைக்காரர் காலண்டரைத் தரையில் பரப்பி முழங்காலிட்டுப் பார்த்தார். லட்சுமியின் புடவைச் சிவப்பு போதவில்லை, பெருநாள் ஒன்று கறுப்பில் இருக்கிறது, கடையின் தொலைபேசி எண் இன்னும் பெரிதாக வேண்டும். மூன்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய் வாழையிலையில் சாப்பாடு வாங்கித் தந்தார். பாகற்காய் வறுவல் இவ்வளவு மொறுமொறுப்பாக எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் செய்வதில்லை. மோர் மிளகாயை உடைத்துப் போட்டு, ரசத்தை ஒரு டம்ளரில் தனியாகக் குடித்தேன். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் கையாலேயே என்னைவிட நேர்த்தியாகச் சாப்பிட்டுவிட்டு இலையைத் தன் பக்கம் மடித்தார்.

வியாழன் பிற்பகல் அடுத்த ஃப்ளையருக்காகக் குணாவின் அறைக்கு மேகலா வந்தாள். என் வயதுதான் இருக்கும். வாரநாட்களில் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ஷிஃப்ட் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் டிஸ்கோவில் மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை பாட்டு ஓடவிடுகிறாள். இரண்டு சுழல்தட்டுகள், நடுவே ஒரு கருவி. தமிழ்ப் படப்பாட்டின் பல்லவியை எடுத்து, அதற்கு அடியில் லண்டனிலிருந்து வரும் தட்டின் தாளத்தைக் கோத்துவிடுவாள். ராஜ் என்பவன் பாதி நேரம் அவளுக்குப் பதிலாகத் தட்டுகளைப் பார்த்துக்கொள்வான். சனி இரவெல்லாம் வேறு ஆட்களுக்கு. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது இந்த ஒரு மதியம்தான்.

"அதுவும் போகப் போகுது" என்றாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து. "மிஸ்டர் லிம் சொல்லிட்டாரு. பொண்ணுங்க வரலன்னா அடுத்த மாசத்துலேருந்து கரோக்கேவாம்."

மிஸ்டர் லிம் டிஸ்கோவின் மேலாளர். பையன்கள் மட்டும் கூடினால் சண்டை வருகிறது என்பது அவர் கணக்கு. அது பொய்யுமில்லை என்றாள் மேகலா.

"ஏன் வர மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டேன்.

குணா சுவரிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். மண்டையோடு ஒன்று காதில் ஹெட்ஃபோன் மாட்டிச் சிரித்தது. "இத உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவியா, சிவகாசி?"

என் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். மாட்டேன்.

"பாய்ஸ் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிடுவாங்க. கேர்ல்ஸ் கேசட் கடையில நின்னு படிச்சுட்டு அங்கயே வெச்சுட்டுப் போயிடுவாங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள தேதி மறந்துரும்" என்றாள் மேகலா.

தேதி என்றதும் என் கை தானாகவே, மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த இந்த ஆண்டுக் காலண்டர் பக்கம் போனது. அடுத்த ஆட்டம் எந்த ஞாயிறு என்று கேட்டு, அவள் சொன்ன தேதியைத் தேடினேன். ஆடி முடிந்து ஆவணியில் வரும் முதல் முகூர்த்த ஞாயிறு அது. ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்த கல்யாணம் எல்லாம் அன்றைக்குத்தான். நான் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிஸ்கோவில் தேதி பார்ப்பது ஹோட்டலின் காலண்டரில். அதில் முகூர்த்தம் கிடையாது.

"செத்தேன்" என்றாள் மேகலா. "பிரிக்ஃபீல்ட்ஸ், செராஸ், பூச்சோங் எல்லாம் கல்யாண ஹால்ல உக்காந்திருக்கும்."

குணா பென்சிலை எடுத்து, ஒரு வெள்ளை அட்டையின் நான்கு மூலைகளிலும் சின்னதாக முக்கோணம் போட்டார். பிறகு மஞ்சள் பேனாவால் அவற்றைத் தீட்டினார்.

"மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்கு முடியுதா? பொண்ணுங்க பட்டுப் புடவையோட வெளிய இருக்காங்க. 'இன்னொரு கல்யாணத்துக்குப் போறோம்மா'ன்னு சொன்னா யாரு கேப்பா? வீட்டு மேசையில பத்து கல்யாணக் கார்டு கிடக்கும். இது பதினொண்ணாவது."

மேகலா சிரித்த சிரிப்பில் கீழே பூக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதற்கே போனது. சொல்லப்போனால், வந்த வேலையைவிட அதில்தான் எனக்கு ஆர்வம் இருந்தது. மூலை மஞ்சளுக்குச் சாதாரண மை வேண்டாம், ஒளிரும் மை போடலாம் என்றேன். டிஸ்கோவின் ஊதா விளக்கில் அது எரிவதுபோலத் தெரியும். தாள் ஈரத்தில் விரிந்தாலும் பாதகமில்லை, மூலையில் தனியாக நிற்கும் நிறம் எதன்மேலும் பொருந்த வேண்டியதில்லை. என் ஃபிளாப்பியிலிருந்து எழுத்துகளை எடுத்து உச்சியில் 'சுபம்' போட்டேன். நடுவே, மணமக்கள் பெயர் வரும் இடத்தில், 'மேகலா – ராஜ்'. கீழே ஞாயிறு, மதியம் மூன்று மணி, ஹோட்டலின் பெயர், 'அவசியம் வருக'. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன இசைத்தட்டு. அதைக்கூட அவசரத்தில் பார்ப்பவர்கள் தாமரை என்றுதான் நினைப்பார்கள்.

"நிஜக் கார்டு மாதிரியே இருக்கேண்ணே" என்றேன்.

"அதான வேணும்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எது சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. மை காயும்வரை சும்மா நின்றேன்.

அடுத்த வாரம் கார்டு பறந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நான் அம்மாவுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்க் கேசட் கடையில் மூன்று மாணவிகள் ஆளுக்கொன்று எடுத்து, பாடப்புத்தகத்துக்குள் வைக்காமல், கையிலேயே பிடித்தபடி நடந்துபோனார்கள். கையில் பிடித்தபடி! மேகலாவிடம் சொன்னபோது ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றுவிட்டன. இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். டிஸ்கோ என்று ஒன்றுக்குள் காலை வைத்தது அதுவே முதல் தடவை. வெளியே உச்சி வெயில், உள்ளே கண் பழகுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் தெரிந்தவை வெள்ளைச் சட்டைகள். சலவைத் தூளில் இருக்கும் வெண்மைப் பொருள் ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், படித்திருக்கிறேன். அப்புறம் சின்னச் சின்ன மஞ்சள் மூலைகள், இருட்டில் மிதந்தபடி. நுழைவுச்சீட்டாகப் பெண்கள் கையில் பிடித்திருந்த கார்டுகள்.

மூன்றரைக்குள் தளம் நிரம்பிவிட்டது. காஞ்சிபுரப் பட்டு, தலையில் சரமாய்ப் பூ, சிலர் நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம்கூட அழியவில்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார்கள். செருப்புகள் தூணோரம் குவியலாக, நிஜக் கல்யாண வாசல்போல. மேகலா ஒரு காதில் ஹெட்ஃபோனை அழுத்தி, தட்டை விரலால் தள்ளி நிறுத்தி, சரியான இடத்தில் விட்டாள். நாதஸ்வரம் ஒன்று கிளம்பி, அதற்குள் தாளம் விழுந்தபோது கூட்டம் ஒரே குரலில் கத்தியது. பாரில் சாய்ந்திருந்த மிஸ்டர் லிம், "பெண்களை எங்கிருந்து பிடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் குணாவைக் கேட்டார்.

அப்போதுதான் வாசலில் நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று வந்து நின்றது. அங்கிளுக்குப் பாத்திக் சட்டை, ஆன்டிக்கு மாம்பழ நிறப் பட்டு. அவர் கையில் பரிசுப் பொட்டலம். அவள் கையில் எங்கள் கார்டு.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கம்மா? மேடையே காணோம்?" என்று ஆன்டி என்னிடம் கேட்டாள். சத்தத்தில் காதுக்கருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது.

நான் குணாவைத் தேடினேன். குணா தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்னே தெரியல. எந்த மேகலான்னு இவரு ரெண்டு நாளா யோசிக்கிறாரு. கார்டு வந்துருச்சு, போகலன்னா நல்லாருக்குமா?" என்றாள் ஆன்டி.

கார்டு வந்தால் போக வேண்டும். வைத்தது யார் என்று தெரியாவிட்டாலும் போக வேண்டும். இவர்கள் அப்படி வளர்ந்தவர்கள், நானும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தின் முதுகில் ஏறித்தான் எங்கள் அட்டை வீடுகளுக்குள் போயிருந்தது.

மிஸ்டர் லிம் பாரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் சத்தம் போட்டால் எல்லாம் முடிந்தது. மேகலாவும் பார்த்தாள். தட்டை ராஜிடம் ஒப்படைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நேராக வந்தாள்.

"நான்தான் மேகலா, ஆன்டி. கல்யாணம் இல்ல. இது டான்ஸ். கார்ட வேணும்னுதான் அப்படி அடிச்சோம். தப்பு எங்களோடது."

ஆன்டிக்குப் புரியச் சற்று நேரமானது. அங்கிளுக்கு உடனே புரிந்தது. அவர் பார்வை தளத்தின்மேல் மெல்ல நகர்ந்து, ஓர் இடத்தில் நின்றது. பச்சைப் பட்டுக்காரி ஒருத்தி தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்து, இடம் போதாமல், தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். கார்டு அந்த வீட்டு மேசைக்கு எப்படி வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

"தேவி!" என்றாள் ஆன்டி. "இந்தப் புடவையோடவா குதிச்சே? இன்னும் ஃபால்ஸ்கூட தைக்கல!"

அங்கிள் மேகலாவைப் பார்த்து, "இங்க யாரு பொறுப்பு?" என்றார்.

"நான்தான் அங்கிள்."

"தண்ணி ஊத்துவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மதியம் கோலா, ஆரஞ்சு மட்டும்தான். பாருங்க, பார் ஷட்டர் பாதி இறங்கியிருக்கு."

"எப்ப முடியும்?"

"ஏழு மணிக்கு லைட் போட்டுருவோம்."

"இதெல்லாம் கார்டுல போட வேண்டியதுதானே? சுபம்னு எதுக்குப் போட்டீங்க?"

"போட்டிருந்தா தேவிய அனுப்பியிருப்பீங்களா அங்கிள்?"

அவர் யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார். "மாட்டேன். ஆனா கிஃப்ட தூக்கிட்டு இப்படி வந்து நின்னுருக்கவும் மாட்டேன்."

மேகலா அவர்களை மிஸ்டர் லிம்மின் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள். விருந்துக்கென்று வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று என்னை ஓடவிட்டாள். எதிர்த் தெருக் கடையில் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கும் வடையும் தாப்பாவ் கட்டி வாங்கி வந்தேன். தேவியே பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துப் பெற்றோருக்குப் பரிமாறினாள். சுவருக்கு அப்பால் தாளம் அதிர, அங்கிள் முழுத் தட்டையும் முடித்தார். கிளம்பும்போது ஆன்டி பரிசுப் பொட்டலத்தை மேகலாவின் கையில் திணித்தாள். "கொண்டுவந்தத திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாதும்மா. உன் கல்யாணத்துக்கு வெச்சுக்கோ. அதுக்காவது நிஜக் கார்டு அடி."

மேகலா குணாவின் அறைத் தொலைபேசி எண்ணை எழுதி அங்கிளிடம் கொடுத்தாள். தேவியையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மிஸ்டர் லிம்மிடமிருந்து தொலைபேசி வந்தது. குணா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஞாயிறு உங்களுக்கே, கரோக்கே வேண்டாம், ஆனால் அந்த மஞ்சள் கார்டுதான் மறுபடியும் வேண்டும் என்றார். மேகலா முடியாது என்றாள். அப்படியென்றால் அடுத்த மாதம் ஒன்றுதான், கூட்டம் குறைந்தால் கடைசி என்றார் அவர்.

"ஒண்ணு போதும்" என்றாள் மேகலா.

குணா தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப என்ன போடச் சொல்றே? மண்டையோடா?"

"முன்பக்கம் உன் இஷ்டம். பின்பக்கம் அம்மா அப்பாவுக்கு. என்ன குடிக்கக் குடுப்போம், எப்ப முடியும், யாரு பொறுப்பு. ஆஸ்பத்திரியிலயும் வீட்டுலயும் என்னப் புடிக்கிற நம்பர்."

பின்பக்கத்தை நான் கோத்தேன். ஒரு வரிக்கு ஒரு விஷயம், அலங்காரம் இல்லாத எழுத்து. காலண்டரில் ராகுகாலம் போடும் அதே எழுத்துதான், எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் கண்ணாடி இல்லாமலே படிக்க வரும். 'பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே' என்று குணா ஆரம்பித்திருந்ததை மேகலா அடித்துவிட்டாள். மறுபடியும் கல்யாணக் கார்டு மாதிரி ஆகிவிடும் என்றாள்.

மறுநாள் எனக்கு விமானம். காலையில் கடைசி புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை பெண்கள் இதை வீட்டுக்கு எடுத்துப்போகத் துணிவார்கள் என்று குணா புலம்பிக்கொண்டிருந்தார். பத்துப் பேர்கூட வர மாட்டார்கள் என்றார். மேகலா மறுக்கவில்லை. அவளுக்கும் பயம்தான், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. மேகலாவைக் கேட்கிறார்கள் என்று குணா ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நான் தேவியோட அப்பா பேசுறேன். அடுத்த மாசம் ஏழு மணின்னா ஏழுக்கே முடிச்சிருவீங்களா, இல்ல இழுப்பீங்களா?"

"ஏழுதான் அங்கிள்."

"அனுப்புறேன்னு சொல்லல. கேக்குறேன்."

"சரிங்க அங்கிள்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ பேனா கேட்டார்.

"வந்தா நான் கார எங்க நிப்பாட்டுறது?"

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆறே முக்காலுக்கே வந்துருங்க அங்கிள். ஹோட்டல் முன்னாடி விட மாட்டாங்க. பின்பக்கம், லோரி நிக்கிற இடத்துல போட்டுக்கலாம். நான் வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."